பின்னால் வருகிறவர்

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேடுகிறவர்கள் இந்தக் கதையில் ஏமாந்துதான் போவார்கள். இந்தக் குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். பெயர் ஜெபசெல்வி. சீடருக்கு வயது அறுபது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் மாசானம்.

அவர் இவரை "டீச்சர்" என்பார். இவர் அவரை "அண்ணாச்சி" என்பார். யாரும் யார் காலிலும் விழுந்ததில்லை.

சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை வளைக்காவிட்டால் காலுக்கு ஆபத்து என்று டாக்டர் மிரட்டியதால் மாசானம் சைக்கிள் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டீச்சர் கூட்டிப் போகிற சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்தார். மேட்டில் மூச்சை எப்படி விடுவது, இறக்கத்தில் எந்த பிரேக்கை முதலில் பிடிப்பது என்று கேட்க ஆரம்பித்தவர், போகப் போக மற்றதையும் அவரிடமே கேட்க ஆரம்பித்தார். பதில் பெரும்பாலும் ஒரு வரிதான் வரும். சில சமயம் அதுவும் வராது.

அந்த மாசி மாதம் நான்கு பேர் கொங்கணக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். மும்பைக்குப் பக்கத்து அலிபாக்கில் ஆரம்பித்துக் கடலை வலது கையில் வைத்துக்கொண்டே தெற்கே வந்தால் பதினோராம் நாள் கோவா. வரைபடத்தில் பார்த்தால் கடலோரச் சாலை. நேரில் பார்த்தால் மலை. ஒரு மலை ஏறினால் உச்சியில் கடல் தெரியும். இறங்கினால் கழிமுகம். வண்டி ஏற்றுகிற பெரிய படகில் அக்கரைக்குப் போனால் அங்கே அடுத்த மலை தயாராக நிற்கும்.

"சமதரைன்னு ஒண்ணை இந்த ஊர்க்காரன் கண்ணால பாத்திருக்கானா?" என்று இரண்டாம் நாளே கேட்டுவிட்டார் காதர் மைதீன்.

காதர் மைதீன் மேலப்பாளையத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். அரைகுறை இந்தி தெரியும் என்பதால் அவர்தான் முதலில் போவார். அவருக்குப் பின்னால் மாசானம். மாசானத்துக்குப் பின்னால் அருளப்பன். எல்லாருக்கும் கடைசியில் டீச்சர்.

அருளப்பன் ஓய்வு பெற்ற கண்டக்டர். மாசானம் ஓட்டிய பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் கண்டக்டர். இருவரும் ஒருவரோடொருவர் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

பேசாதவர்கள் ஏன் சேர்ந்து போனார்கள் என்றால், இரண்டு பேருக்குமே கூட்டத்தை விட மனசில்லை. மாசானம் முதல் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்தபோது அருளப்பன் ஏற்கெனவே அங்கே சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று மாசானம் நினைத்தார். போகவில்லை. அருளப்பனும் போகவில்லை. இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் காதர் மைதீன்தான்.

"காதர், அவரு பின் டயர்ல காத்து கம்மியா இருக்குன்னு சொல்லிருங்க" என்பார் மாசானம்.

அருளப்பன் மூன்றடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அடிச்சிட்டேன்னு சொல்லிருங்க காதர்" என்பார்.

"அடிச்சிட்டாராம்" என்பார் காதர் மைதீன். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான இருக்கு? நான் என்ன தபால்காரனா?"

டீச்சர் அதில் தலையிட்டதே இல்லை.

டீச்சருக்கு இருந்த சட்டங்கள் இரண்டுதான். சைக்கிள் மிதிக்கும்போது போன் பைக்குள் இருக்க வேண்டும். இது ஒன்று. பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவர் நின்று, பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற வரை காத்திருக்க வேண்டும். இது இரண்டு. காதருக்கு மாசானம் தெரிய வேண்டும், மாசானத்துக்கு அருளப்பன் தெரிய வேண்டும், அருளப்பனுக்கு டீச்சர் தெரிய வேண்டும். இப்படிப் போனால் யாரும் வழி தவறமாட்டார்கள். உண்மையிலேயே யாரும் தவறவில்லை.

மாசானத்துக்கு இந்த இரண்டாவது சட்டம்தான் உயிர். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பிரிவு வரும். ஒவ்வொன்றிலும் நின்று, வந்த பாதையையே பார்ப்பார். முந்திரிக் காட்டின் வளைவில் முதலில் ஒரு பழுப்புத் தொப்பி தெரியும். பிறகு தோள். பிறகு, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதிக்கிற அந்தப் பழைய பழக்கம். பார்த்த உடனே மாசானம் பெடலை அழுத்திக் கிளம்பிவிடுவார். நூறடி தூரத்தில் ஒரு கணம் பார்த்தது அடுத்த பிரிவு வரை தாங்கும்.

கோவாவோடு அதுவும் முடிகிறது. அருளப்பனின் மகள் போபாலில் இருக்கிறாள். மனைவி போனபின் தனியாக இருக்க வேண்டாம் என்று கூப்பிட்டுவிட்டாள். பாளையங்கோட்டை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் அருளப்பன் இந்தப் பயணத்துக்கே வந்தார். கோவாவின் மட்காவ் ஸ்டேஷனில் மூன்று பேர் தெற்கே போகிற ரயிலில் ஏறுவார்கள். அவர் வடக்கே போகிற ரயிலில் ஏறுவார். இதைக்கூட காதர் மைதீன் சொல்லித்தான் மாசானத்துக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் கழிமுகத்துப் படகில் டீச்சர் மாசானத்தின் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார். இடது கைப்பிடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி பொருத்தியிருந்தது.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"டிரைவர் புத்தி டீச்சர். கண்ணாடி இல்லாம வண்டி எடுக்க வராது."

"பின்னால லாரி வந்தா தெரியவா?"

படகின் மறு ஓரத்தில் அருளப்பன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுதான் தெரிந்தது.

"டீச்சர்ட்ட பொய் சொல்ல முடியாது" என்றார் மாசானம். "பத்தொன்பது வருஷம் அவன் எனக்குப் பின்னாலதான் நின்னான். டிரைவர் கண்டக்டரை எங்க நேரா பாக்கான்? தலைக்கு மேல ஒரு கண்ணாடி இருக்கும். அதுல கூட்டத்துக்கு நடுவுல அவன் தலை தெரியும். அது தெரிஞ்சா போதும், வண்டி தானா ஓடும். இப்பமும் அப்படிப் பாத்துப் பாத்துதான் மலை ஏறுதேன்."

டீச்சர் தன் கருவிப் பையைத் திறந்து ஒரு திருகுச் சாவியை எடுத்தார். இரண்டு சுற்றில் கண்ணாடி கழன்று வந்தது. அதைத் துண்டில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"டீச்சர்! அப்ப அவனை எப்படிப் பாக்கது?"

"திரும்பிப் பாருங்க."

படகு கரையில் முட்டியது. டீச்சர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ஏறிய மலையில் மாசானம் நான்கு தடவை திரும்பினார். சைக்கிளில் திரும்பிப் பார்ப்பது லேசான காரியமில்லை. கழுத்து போகிற பக்கம் கைப்பிடியும் போகும். மூன்றாவது தடவை சாலையோர வாய்க்காலில் இறங்கிவிட்டார். நான்காவது தடவை அருளப்பன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு மாசானம் திரும்பவில்லை. மனசு அப்படி வலித்தது.

ஆறு வருஷத்துக்கு முன் பேச்சை நிறுத்திய விபத்தைப் பற்றி டீச்சரிடம் மாசானம் சொன்னது ஐந்தாம் நாள். காலையில் வடா பாவ் என்ற வடை வைத்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், சொன்னார்.

மலை ரோட்டில் ஒரு சின்ன நிறுத்தம். நார்ப்பெட்டியோடு ஒரு வயசான அம்மாள் இறங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் இன்னும் விசில் கொடுக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று மாசானம் வண்டியை நகர்த்திவிட்டார். அம்மாள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பிழைத்துவிட்டாள், ஆனால் அதற்குப் பிறகு கம்பை ஊன்றித்தான் நடந்தாள். விசாரணையில் அருளப்பனைக் கேட்டார்கள், விசில் கொடுத்தீரா என்று. "கொடுக்கலை" என்றார் அருளப்பன். மாசானத்தைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

"அவன் சொன்னது நெசம்தான் டீச்சர். எனக்கு அப்பமே தெரியும். ஆனா அன்னைக்குச் சாயங்காலம் டிப்போ வாசல்ல வச்சு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். என்னென்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. கோவம் ஒரு வருஷம் இருந்துது. பெறவு அதுவும் போச்சு."

"இப்ப என்ன இருக்கு?"

மாசானம் வடா பாவைத் தாளில் வைத்தார்.

"கடைசி டிரிப் முடிஞ்சதும் ஒரு டீயை ரெண்டா ஊத்திக் குடிப்போம். எனக்குச் சீனி எவ்வளவுன்னு அவன்தான் கடைக்காரன்ட்ட சொல்லுவான். 'வே மாசானம், எந்திரும் வே, போவோம்' அப்படீம்பான். அந்த ஒரு சத்தம் கேட்டாப் போதும் டீச்சர். என் சம்சாரம் என்னை எத்தனையோ தடவை கூப்பிடுதா. பிள்ளைக கூப்பிடுது. இருந்தாலும் 'வே மாசானம்'னு கூப்பிட ஒருத்தன்தான் இருந்தான். இன்னும் ஆறு நாள்ல அவன் ரயிலேறிப் போயிருவான்."

டீச்சர் தன் வடா பாவைத் தின்று முடித்தார். கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி. அடுத்தது பெரிய ஏத்தம்."

மாசானத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவையும் கொட்டியதற்கு ஒரு ஆறுதல் வார்த்தையாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார்.

ஆறாம் நாள் மத்தியானம் சாலையோரக் கடை ஒன்றில் நால்வரும் நின்றார்கள். புளிப்பான சிவப்புச் சர்பத் கொடுத்தார்கள். காதர் மைதீன் கடைக்காரியிடம் இந்தியில் பேச, அவள் மராத்தியில் பதில் சொல்ல, இருவரும் திருப்தியாக இருந்தார்கள். அருளப்பன் வழக்கம்போலத் தள்ளிப்போய் ஒரு மாமரத்தடியில், மரத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன்" என்றார் மாசானம். "ஒவ்வொரு பிரிவுலயும் நான் ஒழுங்கா நிக்கேன். ஒரு தடவைகூடத் தவறலை. இத்தனை நாள் ஒருத்தன் தனக்காக நின்னா, கல்லும் கரையுமில்லா? அவன் ஏன் கிட்ட வரமாட்டேங்கான்?"

டீச்சர் சர்பத்தில் கிடந்த சீரகத்தை விரலால் எடுத்துப் போட்டார்.

"என்கிட்ட ரமணின்னு ஒரு பிள்ளை படிச்சா. நல்லா ஓடுவா. மாவட்டப் போட்டியில ரிலே. இவதான் கடைசி ஆள். மூணாவது பிள்ளை, கைமாத்திக் குடுக்கிற பேட்டன் கட்டையோட வர்றதைப் பார்த்தா. பார்த்ததும் ஓட ஆரம்பிச்சிட்டா."

"சரி."

"எல்லாருக்கும் முன்னால கோட்டைத் தாண்டினா. சுத்தி நின்னவங்க கைதட்டினாங்க."

"ஜெயிச்சிட்டாளா?"

"பேட்டன் பின்னால வந்த பிள்ளை கையிலேயே இருந்தது."

மாசானம் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "நான் ஒண்ணும் முன்னால ஓடலையே டீச்சர். நிக்கத்தான செய்தேன்? பின்னால வாரவன் தெரியுத வரைக்கும் நிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க" என்றார்.

"தெரியிற வரைக்கும் நிக்கணும்னுதான் சொன்னேன்" என்றார் டீச்சர். "தெரிஞ்சதும் கிளம்பணும்னு எப்ப சொன்னேன்?"

வேலையில் இருந்தவரை அவரைவிடச் சட்டம் தெரிந்த டிரைவர் டிப்போவில் இல்லை என்று பெயர். அந்தப் பெயர் அன்றைக்கு ஒரு டம்ளர் சர்பத்தில் கரைந்தது.

ஏழாம் நாள் ஒரு மீனவக் கிராமத்துக்கு முன்னால் பாதை பிரிந்தது. இரண்டு பக்கமும் மீன் காய்ந்துகொண்டிருந்தது. மாசானம் நின்றார். பழுப்புத் தொப்பி தெரிந்தது. தோள் தெரிந்தது. மாசானம் கிளம்பவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, அங்கேயே நின்றார். வந்தால் என்ன பேசுவது என்று யோசித்து, வந்துவிட்டுப் போகட்டும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்போம், அதற்கு ஒருத்தர் கோபப்பட முடியாதே என்று முடிவு செய்தார்.

அருளப்பன் நூறடி தள்ளி பிரேக் போட்டு இறங்கினார். குனிந்து சங்கிலியைத் தொட்டார். சங்கிலியில் ஒரு குறையும் இல்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது. இருந்தும் அவர் நிமிரவில்லை. முன்னால் போன காதர் மைதீன், "என்ன அண்ணாச்சி, மீன் வாங்கவா நிக்கீங்க?" என்று கத்தினார். மாசானம் கிளம்பினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அருளப்பன் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாளும் அப்படித்தான். இந்த முறை செருப்பு வார். ஒன்பதாம் நாள் ஒரு சாக்குப்போக்கும் இல்லை. மாசானம் நிற்பதைப் பார்த்ததும் அருளப்பன் சும்மா நின்றுவிட்டார்.

"அவனுக்கு நான் வேண்டாம் டீச்சர்" என்றார் மாசானம், அன்று தங்கிய வீட்டுக் கொல்லையில் துணி பிழிந்துகொண்டே. "இது தெரியாம ஆறு வருஷம் ஏங்கிட்டுக் கெடந்திருக்கேன். விட்டுருவோம். ரயிலேறிப் போகட்டு."

டீச்சர் துணியின் மறு முனையைப் பிடித்துக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து பிழிந்தார்கள். தண்ணீர் கொட்டி நின்றது.

பத்தாம் நாள் வந்த ஏற்றம்தான் அந்தப் பயணத்திலேயே கொடியது. கழிமுகத்திலிருந்து செம்பாறையை வெட்டிப் போட்ட சாலை வளைந்து வளைந்து ஏறியது. நிழல் என்று ஒன்று கிடையாது. மாசானம் எல்லாவற்றிலும் சின்ன கியரில் போட்டு மிதித்தார். சைக்கிள் நடக்கிற வேகத்தில் போயிற்று. தொடை எரிந்தது. வியர்வை கண்ணில் விழுந்தது. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினார். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று உச்சிக்கு வர.

உச்சியில் பாதை பிரிந்தது. ஒன்று நேராகப் போனது, ஒன்று வலது பக்கம் கடலுக்கு இறங்கியது. வலது பக்கப் பாதையில், கொஞ்ச தூரத்தில், காதர் மைதீன் ஒரு பாறையில் மல்லாந்து கிடந்தார். மாசானத்தைப் பார்த்ததும் கையைத் தூக்கி இறக்கினார். பேச்சு வராத காதர் மைதீனை மாசானம் அன்றுதான் பார்த்தார்.

கடல் முழுக்கத் தெரிந்தது. தூரத்தில் ஒரு நீண்ட மணல் கரையும் அதைத் தாண்டி ஒரு நீலக் குன்றும். அந்தக் குன்றுக்கு அப்பால் கோவா. நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும்.

மாசானம் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். வந்த பாதையைப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்துக் கீழே மூன்றாவது வளைவில் தொப்பி தெரிந்தது. அருளப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேலே பார்த்தார். மாசானம் நிற்பதைக் கண்டார். அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

வெயிலில் அவரும் நின்றார். இவரும் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று வளைவு சாலை கிடந்தது.

பத்து நிமிஷம் போயிருக்கும். கீழே டீச்சர் வந்து சேர்ந்தார். அருளப்பன் பக்கத்தில் இறங்கி ஏதோ கேட்டார். அருளப்பன் தரையைப் பார்த்து ஏதோ சொன்னார். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, அவரை அங்கேயே விட்டுவிட்டு, தனியாக மேலே ஏறி வந்தார். அந்தப் பயணத்தில் அவர் கடைசி இடத்தை விட்டு முன்னால் வந்தது அந்த ஒரு தடவைதான்.

டீச்சர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"என்ன டீச்சர் சொல்லுதான்? முடியலையாமா? மூச்சு வாங்குதா?" மாசானத்தின் குரல் பதறியது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை."

"பெறவு ஏன் நிக்கான்?"

"நானும் அதைத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

டீச்சர் ஒரு வாய் குடித்தார்.

"'இனிமே என் மூஞ்சியில முழிக்காதன்னு சொல்லியிருக்கான் டீச்சர். அவன் கிளம்பட்டும், வாரேன்' அப்படின்னார்."

மாசானத்துக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து புரிந்தது. டிப்போ வாசல். அந்தச் சாயங்காலம். தான் விரலை நீட்டியது. அவன் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றது. மாமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தது, படகில் தண்ணீரைப் பார்த்து நின்றது, தங்கிய வீடுகளில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது, எல்லாம் வெறுப்பு என்று நினைத்திருந்தார். சொன்ன சொல்லை அவன் காப்பாற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருஷம்.

"அது கோவத்துல சொன்னது டீச்சர்" என்றார். "எவனாவது அதைப் போய் இப்படிப் பிடிச்சிக்கிட்டு நிப்பானா?"

"சொன்னதைத் திரும்ப வாங்கிட்டீங்களா?"

மாசானம் கீழே தெரிந்த தொப்பியைப் பார்த்தார்.

"மறந்தே போச்சு டீச்சர். சொன்னதே மறந்து போச்சு."

"அவருக்கு மறக்கலை."

காற்று கீழே கழிமுகத்திலிருந்து வேகமாக அடித்தது. மாசானம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று டீச்சர் நினைத்திருக்கலாம் என்று ஒரு சின்ன நம்பிக்கை அவருக்கு இருந்தது. டீச்சர் அப்படியெல்லாம் நினைக்கிறவர் இல்லை.

"இங்க இருந்தே கூப்பிட்டா வரமாட்டானா?"

"கூப்பிடுங்க."

மாசானம் ஓரத்துக்குப் போனார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஆறு வருஷமாக அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. 'அவன்' என்பார், 'அவரு' என்பார், காதரிடம் 'உங்க ஆளு' என்பார். இப்போது பெயர் தொண்டை வரை வந்தது. பாதி வெளியே வந்தது. காற்று அதையும் அவர் தோளுக்குப் பின்னால் கொண்டு போயிற்று. கீழே தொப்பி அசையவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டார். அதுவும் போய்ச் சேரவில்லை.

மாசானம் கீழே கிடந்த சாலையைப் பார்த்தார். மூன்று வளைவு. இறங்க நான்கு நிமிஷம் ஆகாது. ஏறத்தான் உயிர் போகும். தொடை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. சைக்கிள்காரன் எதை வேண்டுமானாலும் விட்டுக் கொடுப்பான், ஏறிய உயரத்தை மட்டும் விட்டுக் கொடுக்க மாட்டான். மறந்த தண்ணீர் பாட்டிலுக்காகக்கூட எவனும் மலை இறங்கினதில்லை. அவரும் இறங்கினதில்லை.

"இறங்கிட்டா, இவ்வளவு நேரம் ஏறினதெல்லாம் வீணாப் போயிருமே டீச்சர்?"

டீச்சர் பாட்டிலை மூடினார்.

"இன்னொரு தடவை ஏறுங்க."

மாசானம் சைக்கிளைக் கீழ்ப் பக்கமாகத் திருப்பினார்.